பத்து நாள் கெடுவும் பதினொரு ஆண்டுப் பணியும்

பினாங்கு மாநிலத்துப் பட்டர்வொர்த்திலிருந்து ஓர் ஆசிரியை எழுதியிருக்கிறார். கடிதம் நீளம், சுருக்கித் தருகிறேன்.

"அக்கா, எனக்கு வயது 36. அரசாங்க இடைநிலைப்பள்ளியில் 11 ஆண்டுகளாகக் கணிதமும் எட் மேத்ஸும் (கூடுதல் கணிதம்) சொல்லிக் கொடுக்கிறேன். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகமான யு.எஸ்.எம்.மில் கல்வியியல் பட்டம். கணவர் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் டெக்னிஷியன். மகன் தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு. கோலாலம்பூரில் இருக்கும் ஓர் ஏஜென்ட், துபாயில் அனைத்துலகப் பள்ளி ஒன்றில் வேலை இருக்கிறது, மாதம் 9,000 திர்ஹம், அக்டோபரில் சேர வேண்டும், பத்து நாளில் பதில் சொல்ல வேண்டும் என்கிறார். செலவுக்கு 4,500 வெள்ளி (ரிங்கிட்) கட்ட வேண்டுமாம். முதலில் விசிட் விசாவில் போய்விட்டு அப்புறம் மாற்றிக்கொள்ளலாமாம். அரசாங்க வேலையை விடலாமா? அந்தப் பள்ளிகளில் வெள்ளைக்காரர்களுக்குத்தான் மதிப்பு என்கிறார்களே, உண்மையா? வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. நீங்கள் இந்தத் துறையில் ஆள் எடுப்பவர் என்பதால் கேட்கிறேன்."

டீச்சர், அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதை ஆற அமரப் பேசலாம். அந்த 4,500 வெள்ளியைக் கட்டாதீர்கள். விசிட் விசாவில் விமானம் ஏறாதீர்கள். இரண்டில் ஒன்று மட்டும் இருந்திருந்தாலே வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன், உங்கள் ஏஜென்ட் இரண்டையும் சேர்த்துக் கேட்கிறார், போதாக்குறைக்குப் பத்து நாள் கெடு வேறு.

ஐக்கிய அரபு சிற்றரசில் ஆள் எடுக்கும் செலவு முதலாளியுடையது. அதை வேலைக்கு வருகிறவரிடம் நேரடியாகவோ சுற்றி வளைத்தோ வாங்கக் கூடாது என்று அங்குள்ள தொழிலாளர் சட்டத்திலேயே இருக்கிறது. விசிட் விசாவில் வேலை செய்வதும் அங்கே குற்றம்தான். 2024இல் சட்டத்தைத் திருத்தி, பெர்மிட் இல்லாமல் ஆளை வேலைக்கு வைக்கும் முதலாளிக்கு 1 லட்சம் திர்ஹமிலிருந்து 10 லட்சம் திர்ஹம் வரை அபராதம் என்று ஆக்கியிருக்கிறார்கள். அப்படியும் சில பள்ளிகள் வரச் சொல்கின்றன. வகுப்பறையில் ஆள் இல்லை, பெற்றோர் கத்துகிறார்கள், விசாவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பது அவர்கள் கணக்கு. பெர்மிட் கைக்கு வரும்வரை நீங்கள் சட்டப்படி ஒரு சுற்றுலாப் பயணி, அவ்வளவுதான். அந்த நேரத்தில் சம்பளம் வராமல் போனால் எந்த ஒப்பந்தத்தைக் காட்டி நியாயம் கேட்பீர்கள்? முறை என்னவென்றால், தொழிலாளர் அமைச்சின் படிவத்தில் வேலை ஒப்புதல் வரும், நீங்கள் கையெழுத்துப் போடுவீர்கள், பெர்மிட் ஆகும், உங்கள் பெயரில் நுழைவு அனுமதி வரும், டிக்கெட் அதற்குப் பிறகுதான்.

இன்னொன்று, அந்த அக்டோபர். துபாயில் பிரிட்டிஷ், அமெரிக்கப் பாடத்திட்டப் பள்ளிகள் ஆகஸ்ட் கடைசியில் திறக்கும், இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகள் பெரும்பாலும் ஏப்ரலில். அக்டோபரில் அவசரமாகக் கணித ஆசிரியர் தேவை என்றால் வந்தவர் யாரோ போய்விட்டார் என்று பொருள். பிரசவ விடுப்பாக இருக்கலாம், உடம்பு சரியில்லாமல் இருக்கலாம், அதெல்லாம் நடப்பதுதான். ஆனால் ஏன் போனார் என்று நீங்கள் கேட்க வேண்டும். ஏஜென்டிடம் அல்ல, பள்ளியின் கணிதத் துறைத் தலைவரிடம், முகம் பார்த்து, வீடியோ காலில். உங்கள் கடிதத்தில் பள்ளியில் யாரோடும் பேசியதாக ஒரு வரிகூட இல்லை. ஒரு நல்ல பள்ளி, ஆசிரியரின் முகத்தைக்கூடப் பார்க்காமல் வேலை கொடுக்காது. இந்த ஒன்றே போதும் எனக்கு.

சரி, இந்த வேலை போகட்டும். வெளிநாட்டு ஆசையையே விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. நீங்கள் போக வேண்டும், போகத் தகுதியும் இருக்கிறது. ஆனால் இப்போது வேண்டாம், 40 வயதில் போங்கள். நான்கு ஆண்டா என்று பெருமூச்சு விடாமல் மேலே படியுங்கள்.

நீங்கள் 2024 பிப்ரவரிக்கு முன்பே பணி உறுதி பெற்றவர், ஆக பென்ஷன் உள்ளவர். அதற்குப் பிறகு சேரும் பிள்ளைகளுக்கு அந்தப் பென்ஷன் இல்லை, ஊழியர் சேமநிதிதான். அவர்கள் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் என் பதில் வேறு மாதிரி இருக்கும். நீங்கள் இன்று ராஜினாமா கடிதம் கொடுத்தால் 11 ஆண்டுப் பணிக்கான பென்ஷனும் பணிக்கொடையும் அன்றோடு முடிந்தது. ராஜினாமா வேறு, விருப்ப ஓய்வு வேறு. குறைந்தது 10 ஆண்டுப் பணியும் 40 வயதும் ஆகிவிட்டால் விருப்ப ஓய்வுக்கு விண்ணப்பிக்கலாம். பத்து ஆண்டு உங்களுக்கு ஏற்கெனவே ஆகிவிட்டது, வயது மட்டும்தான் பாக்கி. அப்படி வெளியே வந்தால் மாதப் பென்ஷன் உடனே கைக்கு வராது, பின்னாளில்தான் வரும். உங்கள் நியமனத் தேதிக்கு அது எந்த வயதில் தொடங்கும், பணிக்கொடை எப்போது, மருத்துவச் சலுகை எப்படி என்பதைப் பொதுச்சேவைத் துறையின் ஓய்வூதியப் பிரிவுக்கு எழுதி, பதிலையும் எழுத்திலேயே வாங்கி வையுங்கள். ஆசிரியர் அறையில் "எனக்குத் தெரியும்" என்று சொல்லும் சக ஆசிரியரின் கணக்கு வேண்டாம்.

சம்பளமில்லா விடுப்பு போட்டுவிட்டு ஓராண்டு போய்ப் பார்க்கலாமே என்று உங்கள் கணவர் கேட்கிறாராம். நிறைய பேர் கேட்கிறார்கள் இதை. சொந்தக் காரியத்துக்கான சம்பளமில்லா விடுப்பு, பணி செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 30 நாள் என்ற கணக்கில் அதிகம் போனால் 360 நாள். ஆனால் விடுப்பில் இருந்தாலும் நீங்கள் அரசாங்க ஊழியர்தான், அனுமதி இல்லாமல் வேறிடத்தில் சம்பளத்துக்கு வேலை பார்ப்பது 1993ஆம் ஆண்டு ஒழுங்கு விதிகளின்படி தவறு. மாட்டிக்கொண்டால் பென்ஷனுக்கும் வேட்டு. வேண்டாத வேலை.

இப்போது மகனைப் பாருங்கள். இன்று இரண்டாம் ஆண்டு. உங்களுக்கு 40 ஆகும்போது அவன் ஆறாம் ஆண்டு முடித்திருப்பான். தமிழ் எழுதப் படிக்க வரும், தேசிய மொழி ஊன்றியிருக்கும், பிரிட்டிஷ் முறைப் பள்ளியில் இடைநிலை தொடங்குகிற வயதும் ஏறக்குறைய அதுதான். எட்டு வயதில் கூட்டிக்கொண்டு போய், துபாய்ப் பள்ளியில் அரபு கட்டாயமாக உட்கார்ந்து படித்து, பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் திரும்பி வந்து இடைநிலைப்பள்ளியின் முதல் வகுப்பான படிவம் ஒன்றுக்குள் நுழையும் பிள்ளை மலாயில் தடுமாறுவதை நான் பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் சமாளித்துவிடுவார்கள்தான். ஆனால் திரும்பி வந்த முதல் இரண்டு ஆண்டு வீட்டில் யாருக்கும் தூக்கம் இருக்காது. ஊர் திரும்பும் எண்ணம் இருக்கிற குடும்பத்துக்கு ஆறாம் ஆண்டு முடிவுதான் சுத்தமான இடைவெளி. அதோடு, பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அனைத்துலகப் பள்ளியில் இலவச இருக்கை கிடைத்தால் அதன் மதிப்பு உங்கள் சம்பளத்தில் பாதியைத் தொடும், ஏனென்றால் இடைநிலைக் கட்டணம்தான் பெரிய கட்டணம்.

9,000 திர்ஹத்துக்கு வருவோம். கேட்க நன்றாக இருக்கிறது. திர்ஹம் 1997 முதல் ஒரு டாலருக்கு 3.67 என்று கட்டிப் போடப்பட்டிருக்கிறது, ஆக நீங்கள் வாங்கப்போவது டாலர் சம்பளம் மாதிரிதான். 2024 தொடக்கத்தில் ஒரு டாலர் 4.70 வெள்ளியைத் தாண்டியிருந்தது, அதே ஆண்டு செப்டம்பரில் 4.20க்குக் கீழே இறங்கிவிட்டது. அதே 9,000 திர்ஹம் ஒரு நேரத்தில் சுமார் 11,600 வெள்ளி, இன்னொரு நேரத்தில் சுமார் 10,200 வெள்ளி. ஏஜென்ட் எந்த நாள் விலையைப் பெருக்கிக் காட்டினார்? பட்டர்வொர்த் வீட்டுக் கடனை வெள்ளியில் கட்டப்போகிறவர் குறைந்த விலையில்தான் கணக்குப் போட வேண்டும். வருமான வரி இல்லை, உண்மை. வாடகை உண்டு, அதையும் அங்கே மாதாமாதம் கட்டுவது குறைவு, ஆண்டு வாடகையைச் சில காசோலைகளாகப் பிரித்து முன்னாலேயே கொடுப்பது வழக்கம். பள்ளி வீடு தருகிறதா, வீட்டுக்குப் பணம் தருகிறதா, வீடு தந்தால் இன்னோர் ஆசிரியையோடு பங்கு போட வேண்டிய வீடா, குடும்பத்தோடு இருக்கிற வீடா? உங்களுக்கு வந்திருக்கும் கடிதத்தில் "தங்குமிடம் உண்டு" என்று மட்டும் இருக்கிறது. அதில் கணவரும் பிள்ளையும் தங்க முடியுமா என்று இல்லை.

ஒப்பந்தத்தில் இன்னொரு மூலை இருக்கிறது, யாரும் பார்ப்பதில்லை. மொத்தச் சம்பளம் 9,000 என்று எழுதி, அதைக் கீழே பிரித்திருப்பார்கள். அடிப்படைச் சம்பளம் இவ்வளவு, வீட்டுப்படி இவ்வளவு, போக்குவரத்து, இதர படிகள் என்று. அங்கே ஊழியர் சேமநிதி கிடையாது, வேலை முடிந்து போகும்போது ஒரு தொகை தருவார்கள். ஓராண்டு முடித்தவருக்கு முதல் ஐந்து ஆண்டு வரை ஆண்டுக்கு 21 நாள் சம்பளம், அதற்கு மேல் ஆண்டுக்கு 30 நாள். அந்தச் சம்பளம் அடிப்படைச் சம்பளம். 9,000இல் அடிப்படை 3,600 என்று போட்டிருந்தால் ஓராண்டுக்கு உங்களுக்கு வருவது 2,520 திர்ஹம். முழு 9,000மும் அடிப்படை என்றால் 6,300. மாதம் கையில் வாங்குவது ஒன்றே, போகும்போது கொண்டு போவது இரண்டரை மடங்கு வித்தியாசம். பள்ளிகளுக்கு இது நன்றாகத் தெரியும். என்னிடம் வரும் ஒப்பந்தங்களில் நான் முதலில் விரல் வைப்பது அந்த வரியில்தான்.

பள்ளி நல்லதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? துபாயில் இது சுலபம், மற்ற ஊர்களைவிட. கே.எச்.டி.ஏ. என்ற கல்வி ஆணையம் தனியார் பள்ளிகளின் சோதனை அறிக்கைகளையும் கட்டணத்தையும் எல்லாரும் பார்க்கும்படி வெளியிடுகிறது. அறிக்கையைவிட எனக்குக் கட்டணம் நிறையச் சொல்லும். ஆண்டுக்கு 20,000 திர்ஹத்துக்கும் குறைவாக வாங்கும் பள்ளியும் அங்கே உண்டு, மேல் வகுப்புகளுக்கு 80,000க்கு மேல் வாங்கும் பள்ளியும் உண்டு, இரண்டின் வாசலிலும் அனைத்துலகப் பள்ளி என்று எழுதியிருக்கலாம். ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டு, கட்டணத்தோடு பெருக்குங்கள், கணித ஆசிரியைக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்தத் தொகையிலிருந்துதான் உங்கள் சம்பளமும், கட்டட வாடகையும், உரிமையாளரின் லாபமும் வர வேண்டும். குறைந்த கட்டணப் பள்ளி பெரிய சம்பளம் சொன்னால் எங்கேயோ உதைக்கிறது.

இனி அந்த வெள்ளைக்காரர் கேள்வி. உண்மைதான், பூசி மெழுக ஒன்றுமில்லை. ஆங்கிலம் போதிக்கும் வேலைக்குச் சீனா ஆங்கிலம் தாய்மொழியான நாடுகளின் பாஸ்போர்ட்டைத்தான் கேட்கிறது. விதி இல்லாத நாடுகளிலும் சில பள்ளிகளில் பெற்றோர் பள்ளியைச் சுற்றிப் பார்க்க வரும் நாளில் ஆசிரியரின் முகத்தைப் பார்க்கிறார்கள், நிர்வாகமும் அதற்கேற்ப விளம்பரத்தில் படம் போடுகிறது. சிறுபிள்ளை வகுப்புகளிலும் ஆங்கிலத்திலும் இது அதிகம். ஆனால் நீங்கள் கணிதம். பதினாறு வயதுப் பையனுக்கு எட் மேத்ஸ் சொல்லிக்கொடுத்து நல்ல மதிப்பெண் வாங்க வைக்கிற ஆள் எந்த நாட்டிலும் சுலபத்தில் கிடைப்பதில்லை, அங்கே நிறம் பின்னுக்குப் போய்விடும். முழுதாக அல்ல, போதுமான அளவுக்கு.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கோலாலம்பூரில் ஒரு நல்ல அனைத்துலகப் பள்ளியில் நீங்கள் சேர்ந்தால் உள்ளூர் ஒப்பந்தம்தான் கிடைக்கும். பக்கத்து வகுப்பில் அதே பாடம் எடுக்கும் மான்செஸ்டர்க்காரருக்கு வீட்டுப்படி, விமான டிக்கெட், பிள்ளைக்கு இருக்கை எல்லாம் இருக்கும். நீங்களே ஹோ சி மின் நகருக்கோ பேங்காக்குக்கோ போனால் அங்கே நீங்கள் வெளிநாட்டு ஆசிரியர், அந்தப் படிகள் உங்களுக்கும் வரும், எல்லாப் பள்ளியிலும் இல்லையென்றாலும். மலேசியர் வெளியே போவதற்கு இது நியாயமான காரணம், பேராசை என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். ஆகவே எந்தப் பள்ளியிடமும் கேட்க வேண்டிய முதல் கேள்வி சம்பளம் எவ்வளவு என்பதல்ல, என்னை எந்த ஒப்பந்தத்தில் எடுக்கிறீர்கள், உள்ளூரா வெளிநாடா என்பது.

பினாங்கிலேயே இருக்கும் பள்ளிகளையும் கேட்டிருந்தீர்கள். இருக்கின்றன, நல்லவையும் கூட. 1955இல் பினாங்கு மலைமேல் தொடங்கி இப்போது பத்து பெரிங்கியில் இருக்கும் அப்லேண்ட்ஸ், ஐ.பி. என்ற அனைத்துலகப் பாடத்திட்டப் பள்ளி, தஞ்சோங் பூங்காவில் இருக்கும் டாலாட் அமெரிக்க முறை. 2012இல் உள்ளூர் மாணவர்களுக்கான 40 விழுக்காட்டு வரம்பை அரசாங்கம் எடுத்ததற்குப் பிறகு இந்நாட்டில் இப்படிப்பட்ட பள்ளிகள் மளமளவென்று பெருகின, வேலையும் பெருகியது. ஆனால் அதற்கும் நீங்கள் அரசாங்கத்தை விட்டு வர வேண்டும், உள்ளூர் ஒப்பந்தத்துக்காகப் பென்ஷனை விடுவது உங்கள் கணக்குக்கு ஒத்துவராது. தினமும் பாலம் தாண்டி பத்து பெரிங்கி வரை காரோட்டுவதையும் யோசித்துப் பாருங்கள்.

நான்கு ஆண்டில் என்ன செய்வது?

உங்கள் பட்டத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். யு.எஸ்.எம்.மின் கல்வியியல் பட்டம் பாடமும் போதனா முறையும் சேர்ந்தது, பல நாடுகள் ஏற்கும். ஆனால் பிரிட்டிஷ் முறைப் பள்ளிகள் விளம்பரத்தில் பி.ஜி.சி.இ. (பட்டத்துக்குப் பிந்தைய ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ்) என்றும் கியூ.டி.எஸ். என்றும் போடும்போது உங்கள் விண்ணப்பம் முதல் சல்லடையிலேயே நின்றுவிடும். அதற்காக வேலையில் இருந்துகொண்டே அனைத்துலக பி.ஜி.சி.இ. படிப்பவர்கள் நிறைய. செமினியில் வளாகம் வைத்திருக்கும் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் படிக்கிறார்கள், சண்டர்லேண்டில் தொலைதூரத்தில் படிக்கிறார்கள். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். இந்தப் படிப்பு கியூ.டி.எஸ். தராது. கியூ.டி.எஸ். என்பது இங்கிலாந்து அரசாங்கம் தரும் ஆசிரியர் தகுதி, தனிக் கதை. அதற்கு வெளிநாட்டிலிருந்தே படிக்க 2022இல் ஐ.கியூ.டி.எஸ். என்று ஒரு வழியைத் திறந்தார்கள், ஆனால் அதற்குப் பள்ளிக்குள் பயிற்சி வேண்டும், செலவும் அதிகம். இரண்டையும் ஒன்றென்று சொல்லி விற்கும் விளம்பரங்கள் கைப்பேசியில் வந்துகொண்டே இருக்கும், தள்ளிவிட்டுப் போங்கள்.

அடுத்து பாடத்திட்டம். நீங்கள் நம் நாட்டு இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.முக்கு எட் மேத்ஸ் நடத்துகிறவர், பிரிட்டிஷ் முறைப் பள்ளிகளில் அதே வயதில் எழுதும் கேம்பிரிட்ஜ் ஐ.ஜி.சி.எஸ்.இ. தேர்வில் அதற்கு நெருங்கிய உறவு 0606 என்ற எண்ணுள்ள பாடம், சாதாரணக் கணிதம் 0580. இரண்டின் பழைய தாள்களையும் போட்டுப் பாருங்கள். 0580இல் 2025 முதல் கால்குலேட்டர் இல்லாத தாள் வந்துவிட்டது, பழைய தாள்களை மட்டும் போட்டுப் பழகியவர்கள் நேர்காணலில் அங்கேதான் திணறுகிறார்கள். 2016இல் வந்த டி.எல்.பி. என்ற இருமொழித் திட்ட வகுப்பில் ஆங்கிலத்தில் கணிதம் எடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள், அதை ஏன் கடைசி வரியில் ஒளித்து வைத்தீர்கள்? உங்கள் சுயவிவரத்தின் முதல் பாதியில் வர வேண்டியது அதுதான்.

சுயவிவரம் என்றதும் சொல்கிறேன். நீங்கள் இணைத்திருந்தது அசல் அரசாங்க பாணி. ஐ.சி. எண் (அடையாள அட்டை எண்), இனம், சமயம், கணவர் பெயர், பிள்ளையின் பிறந்த தேதி, எஸ்.பி.எம். முடிவுகள், ஓட்டப்பந்தயத்துக்குப் பொறுப்பாசிரியையாக இருந்த ஆண்டு எல்லாம் ஐந்து பக்கத்தில். இரண்டு பக்கமாக்குங்கள். ஐ.சி. எண்ணை எடுத்துவிடுங்கள், யார் கைக்கெல்லாம் போகிறதோ. எந்தப் படிவத்துக்கு எந்தப் பாடம், வகுப்பு தொடங்கும்போது பிள்ளைகள் எங்கே இருந்தார்கள், முடியும்போது எங்கே போனார்கள் என்பதை எழுதுங்கள். கடைசியில் பரிந்துரைக்க மூன்று பேர், அவர்களுடைய அலுவலக மின்னஞ்சலோடு. இப்போதைய பள்ளி முதல்வர் அதில் ஒருவராக இருந்தே ஆக வேண்டும். அவருக்குத் தெரியாமல் வேலை தேடலாம் என்று நினைக்காதீர்கள், நல்ல பள்ளி அவரைக் கேட்காமல் எடுக்காது.

நேர்காணலில் நம் ஆசிரியர்கள் தடுக்கி விழும் இடம் கணிதம் இல்லை. ஒரு கேள்வி கேட்பேன். பாடம் முடிந்து எல்லாரும் போன பிறகு ஒரு மாணவி பையை மாட்டிக்கொண்டு மேசை அருகிலேயே நிற்கிறாள். "டீச்சர், ஒன்று சொல்கிறேன், யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்யுங்கள்" என்கிறாள். என்ன செய்வீர்கள்? பத்தில் ஏழு பேர் பாசமாகப் பதில் சொல்வார்கள். சரிம்மா, சொல்ல மாட்டேன், ஆறுதல் சொல்லி அனுப்புவேன், அம்மாவைக் கூப்பிட்டுப் பேசுவேன் என்று. அங்கேயே அந்த நேர்காணல் முடிந்துவிடும். ரகசியம் காப்பதாக வாக்குக் கொடுக்கக் கூடாது, குடைந்து கேள்வி கேட்கக் கூடாது, அவள் சொன்னதை அவள் சொற்களிலேயே எழுதி, அன்றைக்கே, பிள்ளைகள் பாதுகாப்புக்கு என்று பள்ளி நியமித்த ஆளிடம் கொடுக்க வேண்டும், பெற்றோரைக் கூப்பிடுவது உங்கள் முடிவல்ல, ஏனென்றால் தொல்லையே வீட்டிலிருந்து வந்ததாக இருக்கலாம். எல்லா நல்ல பள்ளியும் இதைக் கேட்கும். பிள்ளைகள் பாதுகாப்புக்கு இணையத்தில் கட்டணமில்லாமலேயே பயிற்சிகள் இருக்கின்றன, ஒன்றை முடித்துச் சான்றிதழை வைத்துக்கொள்ளுங்கள்.

மாதிரிப் பாடம் எடுக்கச் சொன்னால் இருபது நிமிடமும் நீங்களே கணக்குப் போட்டுக் காட்டிக்கொண்டிருக்காதீர்கள். எஸ்.பி.எம். பழக்கம் அது. யாருக்குப் புரியவில்லை என்று எப்போது, எப்படித் தெரிந்துகொண்டீர்கள் என்பதைத்தான் பார்ப்பார்கள்.

ஆள் எடுக்கும் காலமும் உண்டு. ஆகஸ்டில் தொடங்கும் வேலைக்கு நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும், ஜனவரியில் பேங்காக்கில் பள்ளிகள் நேரில் வந்து ஆள் எடுக்கும் ஆசிரியர் சந்தையே நடக்கும், நல்ல இடங்கள் அதற்குள் போய்விடும். மே, ஜூனில் மிச்சம் மீதி. சர்ச் அசோசியேட்ஸ் (Search Associates) மாதிரி பதிவுக் கட்டணம் வாங்கும் பெரிய நிறுவனங்களும் இருக்கின்றன, அது ஆவணங்களைச் சரிபார்த்து வைக்கும் சேவைக்கான கட்டணம், உங்கள் ஏஜென்ட் கேட்பதுபோல ஒரு குறிப்பிட்ட வேலைக்கு விலை அல்ல. டெஸ் (Tes) என்ற ஆசிரியர் வேலைத் தளத்தின் விளம்பரங்களைப் பார்த்து நேரே பள்ளிக்கே எழுதலாம், காசு வேண்டாம்.

ஆவணங்களை இப்போதே எடுத்துப் பாருங்கள். நன்னடத்தைச் சான்றிதழ் வெளியுறவு அமைச்சான விஸ்மா புத்ராவில் இணையம் வழி விண்ணப்பிப்பது, அது போகும் நேரத்தில் போதும். பட்டச் சான்றிதழுக்கு உயர்கல்வி அமைச்சு, விஸ்மா புத்ரா, பிறகு அந்நாட்டுத் தூதரகம் என்று வரிசையாக முத்திரை வேண்டும். அசல் சான்றிதழை லேமினேட் செய்து வைத்திருக்கிறீர்களா? நம் வீடுகளில் அதுதான் வழக்கம், பட்டமளிப்பு முடிந்த வாரமே அப்பா கொண்டுபோய்ச் செய்துவிடுவார். லேமினேட் செய்ததில் முத்திரை குத்த முடியாது. இப்போதே பல்கலைக்கழகத்தில் விசாரித்து வையுங்கள். திருமணச் சான்றிதழ், மகனின் பிறப்புச் சான்றிதழும் இதே வரிசைதான், குடும்ப விசாவுக்கு.

கணவர் விஷயத்தில் நான் அதிகம் பேச மாட்டேன், அது உங்கள் இருவருக்குள். ஒன்று மட்டும். பாயான் லெப்பாஸில் நல்ல அனுபவம் உள்ள டெக்னிஷியனுக்கு நான்கு ஆண்டில் வேறு வாய்ப்புகளும் வரலாம், அவர் வேலையை விட்டு உங்கள் விசாவில் வருவதானால் முதல் ஆண்டு ஒரே சம்பளம்தான் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். விருப்ப ஓய்வில் வெளியே வந்த பிறகு அங்கிருந்தபடியே ஊழியர் சேமநிதியில் நீங்களாகவே பணம் போடலாம், ஆண்டுக்கு 1 லட்சம் வெள்ளி வரை.

நடுவில், 38 வயதிலேயே, ஒரு உயர்ந்த பள்ளி முறையாக நேர்காணல் செய்து, குடும்ப வீடு, மகனுக்கு இருக்கை, மூவருக்கும் காப்புறுதி, டிக்கெட் என்று எழுதிக் கொடுத்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். அப்போது ஓய்வூதியப் பிரிவு எழுத்தில் கொடுத்த கணக்கைப் பக்கத்தில் வைத்து, இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் மிச்சமாகும் தொகை நீங்கள் இழப்பதைத் தாண்டுகிறதா என்று பாருங்கள். தாண்டினால் போங்கள். எனக்குத் தெரிந்து தாண்டுவது அபூர்வம்.

ஏஜென்டுக்குப் பதில் எப்படி எழுதுவது என்று தயங்க வேண்டாம். பள்ளியின் பெயர், துறைத் தலைவரோடு நேர்காணல், அமைச்சின் படிவத்தில் வேலை ஒப்புதல், நுழைவு அனுமதி இவை வந்த பிறகு பேசலாம், கட்டணம் எதுவும் கட்டுவதாக இல்லை என்று வாட்ஸ்அப்பில் இரண்டு வரி. உங்கள் பாஸ்போர்ட் நகலும் சான்றிதழ் நகல்களும் ஏற்கெனவே அவரிடம் போயிருந்தால், உங்கள் பெயரில் எங்கும் விண்ணப்பிக்கக் கூடாது என்பதையும் சேர்த்து எழுதிவிடுங்கள்.

கடிதத்தின் அடியில், அங்கே சேலை கட்டிக்கொண்டு பள்ளிக்குப் போகலாமா என்று மாமியார் கேட்கச் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும் என்பதுதான் பெரும்பாலான பள்ளிகளின் விதி, தாராளமாகக் கட்டலாம். வெள்ளிக்கிழமை அரை நாள் பள்ளி, மதியம் வீட்டுக்கு வந்துவிடலாம் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.